டம்ளரில் வராது, ஊசியில் வரும்

நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில் 1980களின் நடுவில் எய்ட்ஸ் நோயாளிகள் ஏராளம். சின்ன வீடுகள், நிறைய ஆட்கள். மருத்துவமனையில் இருக்கும் நாட்கள் போக மற்ற நாட்களில் நோயாளியும் குடும்பத்தோடுதான் புழங்கியாக வேண்டும். ஜெரால்ட் ஃப்ரீட்லேண்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் இந்தக் குடும்பங்களை ஆராய முடிவு செய்தார்கள். 39 நோயாளிகளையும், அவர்களோடு குறைந்தது மூன்று மாதம் ஒரே வீட்டில் வாழ்ந்த 101 பேரையும் எடுத்துக்கொண்டார்கள். இந்த 101 பேரில் யாருக்கும் நோயாளியோடு உடலுறவுத் தொடர்பு கிடையாது. ஒரே தட்டில் சாப்பிட்டீர்களா, ஒரே டம்ளரில் குடித்தீர்களா, ஒரே கட்டிலில் படுத்தீர்களா, துண்டு, சீப்பு, கழிப்பறை, குளியலறை எல்லாம் பொதுவா, கட்டிப்பிடித்தீர்களா, முத்தம் கொடுத்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்கள். சிலர் ரேசரையும் பல் துலக்கும் பிரஷையும்கூடப் பகிர்ந்திருந்தார்கள். பிறகு எல்லோருடைய ரத்தத்தையும் பரிசோதித்தார்கள்.

101 பேரில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்தது. அது ஐந்து வயதுக் குழந்தை. பிறக்கும்போதே அந்தக் குழந்தைக்குத் தொற்று வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. டம்ளரும் துண்டும் கட்டிலும் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை.

இந்த ஆய்வு வெளியான ஆண்டு 1986. அதே ஆண்டில்தான் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டமேற்படிப்பு மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, தன் பேராசிரியர் சுனிதி சாலமன் தந்த ஆய்வுத் தலைப்பை வைத்துக்கொண்டு, பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். கையுறை இல்லை, பாதுகாப்புக் கண்ணாடி இல்லை. பிரித்தெடுத்த சீரத்தைப் பாதுகாக்க இடமில்லாமல் தன் வீட்டுக் குளிர்ப்பெட்டியிலேயே வைத்திருந்தார். வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்தபோது ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதிசெய்தார்கள். எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. வைரஸ் இந்தியாவில் இருக்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. அந்தக் குளிர்ப்பெட்டி இருந்த வீட்டில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகியிருக்க வழியும் இல்லை. ஏன் என்பதைப் பார்ப்போம்.

எச்.ஐ.வி. மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் எட்டாயிரம் வைரஸ்களை வரிசையாக அடுக்கலாம். அதைச் சுற்றி இருப்பது மெல்லிய கொழுப்பு உறை. சோப்பு, கிருமிநாசினி, சூடு, வறட்சி எதையும் இந்த உறை தாங்காது. கொட்டிய ரத்தம் காயக் காய, சில மணி நேரத்திலேயே அதிலுள்ள வைரஸில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செயலிழந்துவிடும். உடலுக்கு வெளியே அதனால் பெருகவும் முடியாது. பெருக வேண்டுமானால் சிடி4 என்ற புரதத்தை மேற்பரப்பில் கொண்ட உயிருள்ள வெள்ளையணுக்களுக்குள் அது நுழைய வேண்டும்.

ஆக, ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குப் போக வைரஸுக்கு முதலில் தகுந்த திரவம் வேண்டும். ரத்தம், விந்து, விந்துக்கு முன் கசியும் நீர், பெண்ணுறுப்பின் கசிவு, ஆசனவாயின் கசிவு, தாய்ப்பால் ஆகியவற்றில்தான் தொற்ற வைக்கும் அளவுக்கு அது இருக்கிறது. அடுத்து, அந்தத் திரவம் காயாமல் உயிர்ப்போடு வந்து சேர வேண்டும். கடைசியாக ஒரு வாசல் வேண்டும்: ரத்தக்குழாய், ஆறாத புண், அல்லது உடலின் உட்புறத்து ஈரச் சவ்வு. காயமில்லாத தோல் வாசல் ஆகாது. அதன் மேல்படலம் செத்த செல்களால் ஆனது. அங்கே வைரஸ் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் அமைந்தால்தான் தொற்று. அன்றாட வாழ்வின் பெரும்பாலான தருணங்களில் இவற்றில் ஒன்றுகூட அமைவதில்லை. வியர்வை, கண்ணீர், சிறுநீர், தும்மல், மூச்சுக்காற்று எல்லாம் முதல் படியிலேயே தோற்றுவிடுகின்றன.

எச்சில் சுவாரசியமான விஷயம். நோயாளியின் எச்சிலில் வைரஸின் சுவடு கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் எச்சிலில் உப்பின் செறிவு ரத்தத்தைவிடக் குறைவு. அதனால் வைரஸைச் சுமக்கும் வெள்ளையணுக்கள் எச்சிலில் நீரை உறிஞ்சி உப்பி வெடித்துவிடுகின்றன. வைரஸைத் தடுக்கும் புரதங்களும் எச்சிலில் உண்டு. வாயே ஒரு காவல்காரன் போல வேலை செய்கிறது. அண்ணாந்து குடிப்பதும் வாய்வைத்துக் குடிப்பதும் நம் வீட்டு ஆசாரச் சண்டைகளுக்கு உரியவை. எச்.ஐ.வி.க்கு இரண்டும் ஒன்றுதான்.

1991 டிசம்பரில் இத்தாலியில் ஒரு வேடிக்கை நடந்தது. முத்தத்தால் எய்ட்ஸ் வரும் என்று பத்திரிகைகள் கிளப்பிவிட்டிருந்த நேரம். ஃபெர்னாண்டோ அயூட்டி என்ற நோயெதிர்ப்பியல் பேராசிரியர், எச்.ஐ.வி. தொற்றுள்ள, அதை வெளிப்படையாகச் சொல்லிப் போராடிக்கொண்டிருந்த பெண் ஒருவரைப் பலர் முன்னிலையில் உதட்டில் முத்தமிட்டார். புகைப்படம் உலகமெங்கும் போனது. நூறு துண்டுப்பிரசுரம் செய்யாத வேலையை அந்தப் படம் செய்தது என்றே நினைக்கிறேன். இருவர் ஈறிலும் ரத்தம் கசியும்போது ஆழ்ந்து முத்தமிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே பிரச்சினை ரத்தம், எச்சில் அல்ல. அதுவும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு அபூர்வம். இதேபோல, அமெரிக்காவில் தொற்றுள்ள பெரியவர்கள் மென்று ஊட்டிய உணவால் குழந்தைகளுக்குத் தொற்று வந்த மூன்று நிகழ்வுகளை 2009இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். மென்றவர் வாயிலிருந்து கசிந்த ரத்தமே அதற்குக் காரணம் என்பது அவர்கள் கணிப்பு. மென்று ஊட்டும் பழக்கம் உள்ள வீடுகள் அதை விட்டுவிடலாம். உருட்டி ஊட்டும் சோற்றுக்கு ஒரு தடையும் இல்லை.

கொசுவுக்கு வருவோம். பொதுக்கூட்டங்களில் மருத்துவர்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி இது. கேள்வி நியாயமானதும்கூட. ரத்தத்தைக் குடித்துவிட்டு அடுத்த ஆளைக் கடிக்கிற பூச்சி, மலேரியாவையும் டெங்குவையும் சுமக்கும்போது இதை மட்டும் ஏன் சுமக்காது?

ஃப்ளோரிடா மாநிலத்தில் ஓகீசோபி ஏரிக்கரையில் பெல் கிளேட் என்றொரு ஊர். கரும்புத் தோட்டக் கூலிகள் வாழும் ஊர். 1980களின் நடுவில், மக்கள்தொகை விகிதப்படி பார்த்தால் அமெரிக்காவிலேயே மிக அதிக எய்ட்ஸ் நோயாளிகள் அங்கேதான் இருந்தார்கள். கொசுவும் சேறும் அங்கே பஞ்சமில்லை. மியாமியைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் கொசுதான் காரணமாக இருக்க வேண்டும் என்றார்கள். ஊரே கதிகலங்கியது. அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தார் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்தார்கள். 1988இல் முடிவு வெளியானது. இரண்டு வயது முதல் பத்து வயது வரையிலான குழந்தைகளில் ஒருவருக்கும் தொற்று இல்லை. அறுபது வயதைக் கடந்தவர்களிலும் ஒருவருக்கும் இல்லை. கொசு வயது பார்த்துக் கடிப்பதில்லை. தெருவில் விளையாடும் பிள்ளையையும் திண்ணையில் படுத்திருக்கும் கிழவரையும்தான் அது முதலில் பிடிக்கும். தொற்று இருந்ததோ உடலுறவும் போதை ஊசியும் நடமாடும் வயதினரிடம். என்னைக் கேட்டால், ஆய்வகத்தில் செய்த எந்தச் சோதனையையும்விட வலுவான சான்று இந்த வயதுக் கணக்குதான். நம் ஊரில் டெங்கு பரவும்போது குழந்தைகள் வார்டு நிரம்புவதை எண்ணிப் பார்த்தாலே இது விளங்கும்.

கொசுவின் உடலமைப்பும் இதற்கு ஒத்துவருகிறது. அதன் உறிஞ்சுகுழல் நாம் நினைப்பதுபோல ஒற்றைக் குழாய் இல்லை. எச்சிலை உள்ளே செலுத்த ஒரு தடம், ரத்தத்தை மேலே இழுக்க வேறொரு தடம். முதல் ஆளிடம் குடித்த ரத்தத்தை இரண்டாவது ஆளின் உடலில் அது கொப்பளிப்பதில்லை. மலேரியாக் கிருமி கொசுவின் குடலில் வளர்ந்து, பெருகி, எச்சில் சுரப்பி வரை பயணம் செய்கிறது. டெங்கு வைரஸும் கொசுவின் செல்களுக்குள் பெருகத் தெரிந்தது. எச்.ஐ.வி.க்குக் கொசுவின் உடலில் சிடி4 கொண்ட செல் ஒன்றுகூடக் கிடைக்காது. குடித்த ரத்தத்தோடு அதுவும் செரித்துப் போகிறது. வாய்ப்பகுதியில் ஒட்டிக்கொண்டிருக்கும் துளி? ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கொசு ஆய்வாளர் வேன் கிரான்ஸ் அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த வழியில் ஒரே ஒரு வைரஸ் அலகு உள்ளே போவதற்கு சுமார் ஒரு கோடிக் கொசுக்கள் கடிக்க வேண்டும் என்றார்.

கைபேசியில் சுற்றிவரும் கதைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. குளிர்பானத் தொழிற்சாலையில் யாரோ ரத்தம் கலந்துவிட்டான், வாழைப்பழத்தில் ஊசியால் ஏற்றிவிட்டான் என்பவை எல்லாம் பொய். கலந்திருந்தாலும் அந்த வைரஸ் பாட்டிலில் நிலைக்காது. வயிற்று அமிலத்தைத் தாண்டாது. சினிமா தியேட்டர் இருக்கையில் ஊசி குத்தி வைத்திருக்கிறார்கள் என்ற கதை பல நாடுகளில் பல மொழிகளில் உலவுகிறது. அப்படி ஒருவருக்குத் தொற்று வந்ததாக நிரூபணமான நிகழ்வு கிடையாது.

சலூன் கொஞ்சம் நிதானிக்க வேண்டிய இடம். ஒருவரைக் கீறிய பிளேடு ஈரம் காயாமல் அடுத்தவரைக் கீறினால் ரத்தத்தோடு ரத்தம் சேர்வது சாத்தியம்தான். தொற்றுள்ளவரோடு ரேசரைப் பகிர வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். ஆனால் இங்கே உண்மையில் அஞ்ச வேண்டிய கிருமி வேறு. ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் வரை உயிர்ப்போடு இருக்கும், எச்.ஐ.வி.யைவிடப் பல மடங்கு எளிதாகத் தொற்றும். சலூனிலும், கோயிலில் முடி காணிக்கை செலுத்துகிற இடத்திலும், பச்சை குத்துகிற இடத்திலும், ஒருவருக்கு ஒரு புது பிளேடு, ஒரு புது ஊசி என்று கேட்டு வாங்குங்கள். எச்.ஐ.வி.யைப் பற்றி ஓயாமல் கேட்பவர்களில் எத்தனை பேர் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருப்பார்கள் என்று தெரியவில்லை.

நாம் துளியும் பயப்படாத இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் ஊசி.

சளி, காய்ச்சல், உடம்பு வலி எதுவானாலும் ஊசி போட்டால்தான் தீரும் என்ற நம்பிக்கை நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. மாத்திரை மட்டும் எழுதிக் கொடுக்கும் மருத்துவரைக் கெட்டிக்காரர் என்று யாரும் சொல்வதில்லை. மேசையில் சிந்திய ரத்தத்துக்கு நேர்வதைச் சற்றுமுன் பார்த்தோம். ஊசிக்குழாயின் உட்புறம் அப்படியல்ல. காற்றும் வறட்சியும் எட்டாத அந்தக் குறுகிய இடத்தில் தங்கிய ரத்தத்தில் வைரஸ் வாரக் கணக்கில் உயிர்ப்போடு இருந்ததை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். சூடு குறைந்திருந்தால் 42 நாட்கள் வரைகூட. மேலே சொன்ன மூன்று நிபந்தனைகளும் இங்கே ஒரே குத்தில் நிறைவேறுகின்றன.

கம்போடியாவில் பட்டம்பாங் மாகாணத்தின் ரோகா கிராமத்தில் 2014ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு முதியவருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தது. ஊரார் வரிசையில் நின்று பரிசோதித்துக்கொண்டார்கள். குழந்தைகள், பாட்டிகள், துறவிகள் என 200க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று. உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்துவந்த ஒருவர் ஒரே ஊசியைப் பலருக்கும் போட்டுவந்தது விசாரணையில் வெளிப்பட்டது. 2018இல் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில் போலி மருத்துவர் ஒருவரின் ஊசியால் முப்பதுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகத் தெரியவந்தது. 2019இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் ரத்தோடேரோ என்ற ஊரில் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்குத் தொற்று கண்டறியப்பட்டது. பெரும்பாலோர் ஐந்து வயதுக்கும் உட்பட்டவர்கள். அவர்களுடைய தாய்மார்களில் பெரும்பாலோருக்குத் தொற்றே இல்லை. அதாவது கருவிலோ தாய்ப்பாலிலோ வந்ததல்ல. பயன்படுத்திய ஊசியும் பரிசோதிக்காத ரத்தமும்தான் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தார் உள்ளிட்ட புலனாய்வுக் குழுவினர் கண்டார்கள்.

பெல் கிளேட்டில் குழந்தைகளுக்குத் தொற்று இல்லாதது கொசுவை விடுவித்தது. ரத்தோடேரோவில் குழந்தைகளுக்குத் தொற்று இருந்தது ஊசியைக் காட்டிக்கொடுத்தது. நோய்ப்பரவலியலில் வயதுக் கணக்கு இப்படித்தான் சாட்சி சொல்லும். ஆகவே, ஊசி போட்டுக்கொள்ளும்போது உறை உங்கள் கண்முன் பிரிக்கப்படுகிறதா என்று பாருங்கள். ஒரே மருந்துக் குப்பியில் பழைய ஊசியை மீண்டும் நுழைக்கிறார்களா என்றும் பாருங்கள். கம்பவுண்டர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ரத்தம் ஏற்றுவது இன்னும் நேரடியான பாதை. தொற்றுள்ள ரத்தம் ஏறினால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தொற்றிவிடும். இந்தியாவில் காசுக்கு ரத்தம் விற்பதை உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பின்படி 1998 ஜனவரி முதல் தடை செய்தார்கள். ஒவ்வொரு பை ரத்தமும் பரிசோதிக்கப்பட்டே ஏற்றப்பட வேண்டும் என்பது விதி. விதி தவறினால் என்ன ஆகும் என்பதை 2018 டிசம்பரில் சாத்தூரில் பார்த்தோம். அரசு மருத்துவமனையிலேயே தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் கொடுத்தவர் வேறொரு பரிசோதனையில் தன் தொற்றை அறிந்து தானே வந்து சொன்ன பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது. ரத்தம் கொடுப்பவருக்கு இதில் ஒரு ஆபத்தும் இல்லை; அவருக்குக் குத்தும் ஊசி புதியது.

தொற்றுள்ள ஊசி தவறுதலாகக் கையில் குத்திவிட்டால்? செவிலியர்களும் துப்புரவுப் பணியாளர்களும் நடுங்குவது இதற்குத்தான். ஆயிரம் பேருக்கு இப்படி நேர்ந்தால் அவர்களில் சுமார் மூன்று பேருக்குத் தொற்றும். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்போ நூற்றுக்கு முப்பது வரை போகும்.

உடலுறவின் கணக்கைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒரு தயக்கம் உண்டு. தொற்றுள்ள, சிகிச்சை எடுக்காத ஆணோடு ஆணுறையின்றி உறவு கொள்ளும் பெண்ணுக்கு, பத்தாயிரம் முறைக்குச் சராசரியாக எட்டு முறை தொற்று நேரும். ஆணுக்கு நான்கு. ஆசனவாய் வழி உறவில் ஏற்பவருக்கு 138. இவ்வளவுதானா என்று தோன்றும். அங்கேதான் சராசரி ஏமாற்றுகிறது. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் ரத்தத்தில் வைரஸ் மிக உச்சத்தில் இருக்கும்; அந்த நேரத்தில் பரிசோதனையில் அகப்படாமலும் போகலாம். பால்வினைப் புண் இருந்தால் வாசல் அகலத் திறந்துவிடும். எட்டு என்ற எண் எல்லா நாளுக்கும் எல்லாருக்கும் பொருந்தாது. உலகில் இந்தத் தொற்று பெரும்பாலும் உடலுறவு வழியாகத்தான் பரவியிருக்கிறது, அந்தச் சின்ன எண்ணை வைத்துக்கொண்டே. எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான புள்ளிராஜா விளம்பரம் 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களில் வந்தபோது சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் பேச வேண்டியதைப் பேசிய விளம்பரம் அது.

தாயிடமிருந்து குழந்தைக்குக் கருவிலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ தொற்றும் வாய்ப்பு, ஒன்றும் செய்யாவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 வரை. மருந்து எடுத்துக்கொண்டால் ஐந்துக்கும் கீழே. கர்ப்பிணிகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்வதன் காரணம் இதுதான்.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் இந்தத் துறையில் நடந்த மிகப் பெரிய மாற்றத்துக்குச் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சென்னையும் புனேயும் அதில் இருந்தன. தம்பதியில் ஒருவருக்குத் தொற்று உண்டு, மற்றவருக்கு இல்லை. தொற்றுள்ளவருக்குத் தாமதிக்காமல் கூட்டு மருந்து கொடுத்தால், துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011இல் தெரிந்தது. பிறகு ஐரோப்பாவில் ஆண் இணைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. மருந்தால் வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 200க்கும் கீழே போனவர்கள், ஆணுறையின்றிச் சுமார் 76,000 முறை உறவு கொண்டிருந்தார்கள். அவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றியது ஒன்றுகூட இல்லை. ஒழுங்காக மருந்து எடுத்து வைரஸை அடக்கி வைத்திருப்பவரிடமிருந்து உடலுறவின் மூலமும் தொற்றாது என்பது இன்றைய மருத்துவத்தின் நிலைப்பாடு. ஊசியைப் பகிர்வதற்கு இந்த உத்தரவாதம் செல்லாது.

துணைவருக்கே தொற்றாதபோது, பக்கத்து மேசையில் வேலை பார்ப்பவருக்கும் அதே வகுப்பில் படிக்கும் பிள்ளைக்கும் என்ன வந்துவிடும்? அமெரிக்காவில் ரயன் வைட் என்ற சிறுவனுக்கு ரத்த உறைவுக் குறைபாட்டுக்கான மருந்தின் வழியே தொற்று வந்தது. 1985இல் அவனைப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். அவன் வீடு வீடாகப் போட்ட செய்தித்தாளைக்கூடச் சிலர் நிறுத்தினார்கள், காகிதத்தில் ஒட்டிக்கொண்டு வரும் என்று. பிராங்க்ஸ் ஆய்வு அடுத்த ஆண்டே வெளியாகிவிட்டது. ஆனாலும் பள்ளியில் இடம் மறுப்பதும் வீட்டைக் காலி செய்யச் சொல்வதும் இன்னும் நிற்கவில்லை. இந்தியாவில் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின்படி, தொற்றைக் காரணம் காட்டி வேலை, கல்வி, சிகிச்சை, வாடகை வீடு ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவது சட்டவிரோதம். ஒருவருடைய சம்மதமின்றி அவருடைய தொற்றை வெளியில் சொல்லவும் கூடாது.

உங்களுக்கு ஆபத்து நேர்ந்திருக்கலாம் என்று தோன்றினால், டம்ளரைப் பற்றி யோசித்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். ஊசி குத்திய, அல்லது பாதுகாப்பற்ற உறவு நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் போனால் இன்னும் நல்லது. 28 நாள் மருந்து எடுத்துக்கொண்டால் தொற்றைத் தடுக்க வாய்ப்பு மிக அதிகம். அந்தக் கெடு தாண்டியிருந்தால், நம்பிக்கை மையம் எனப்படும் எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அங்கே பரிசோதனை இலவசம், விவரம் ரகசியம். சந்தேகம் கேட்க கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1097.